எழுத்த எங்க ஓட்டுறது

12.10.2025
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை தானாகப் போகிறது. போன வாரம்தான் போனில் பேசினோம். உங்கள் முட்டிவலி, மருமகளின் புது வேலை, கோயம்புத்தூர்த் தண்ணீர் உங்களுக்கு இன்னும் ஒத்துக்கொள்ளாதது எல்லாம் தெரியும். ஆனால் அன்றைக்கு நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். "இன்னுமாடி ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்துறே? இப்பத்தான் போனே வாசிச்சுக் காட்டுதே" என்றீர்கள். அப்போது தபாலாபீசில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், பேச முடியவில்லை. இன்றைக்கு ஞாயிறு, வகுப்பில்லை, மழை வேறு. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேள்விக்குப் பதில் என்று சொல்லி ஆரம்பித்தாலும், உங்களிடம் சொல்லாமல் மூன்று மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிற விஷயம் ஒன்று உண்டு. நம் சம்மட்டியக்காவைப் பற்றியது.

ஞாபகம் இருக்கும். 1991-ல் நாம் அறிவொளி இயக்கத்தில் நடத்திய கல்குவாரி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, சிலேட்டுக் குச்சியை உளி பிடிக்கிற மாதிரி பிடித்து, ஒரு நாளைக்கு நாலு குச்சி உடைப்பார். நோட்டில் எழுதச் சொன்னால் அழுத்துகிற அழுத்தில் மூன்று தாள் தாண்டி அச்சு விழும். நீங்கள்தான் அவருக்கு அந்தப் பெயரை வைத்தீர்கள். ஊரில் இன்றைக்கும் அதுவே நிலைத்துவிட்டது, அவருடைய பேரன்கள்கூட "சம்மட்டி அப்பத்தா" என்கிறார்கள்.

இந்தத் தடவை நான் நடத்துகிற வகுப்புக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று பெயர். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் கணக்கெடுத்து, 200 மணி நேரம் சொல்லிக்கொடுத்து, கடைசியில் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. வாசிப்புக்கு ஐம்பது, எழுத்துக்கு ஐம்பது, கணக்குக்கு ஐம்பது. சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. அதில் மட்டும் 1991-க்கும் இன்றைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கேட்டார், சரி என்றேன். கிளை அஞ்சலகம் சாயங்காலம் சும்மாதானே கிடக்கிறது, நானும் சும்மாதானே கிடக்கிறேன்.

ஜூலையில் வகுப்பு தொடங்கிய இரண்டாம் நாள், சம்மட்டியக்கா தன் மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "இவளுக்குச் சொல்லிக் குடு டீச்சர். நாந்தான் அப்பவே படிச்சுட்டேன்ல" என்று வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். வருகைப் பதிவேட்டை நீட்டினேன். மருமகள் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொள்ள, "காட்டுறேன் பாரு" என்று வாங்கித் தன் பெயரை எழுதினார். ஐந்து எழுத்து. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் தெளிவாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையிலேயே கரும்பலகையில் 'மாடு' என்று எழுதி, "அக்கா, இதை இவுகளுக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றேன்.

அவர் பெயரும் 'மா'வில்தான் தொடங்குகிறது, உங்களுக்குத் தெரியும்.

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "முத எழுத்து உங்க பேருல இருக்குல்ல" என்றேன். "என் பேருலயா? அது வேற மாதிரில்ல இருக்கும்" என்றார்.

அக்கா, அவருக்குத் தெரிந்தது எழுத்து இல்லை. ஒரு படம். கோலம் போடுகிறவர் புள்ளி எண்ணாமல் கைப்பழக்கத்தில் போட்டு முடிப்பதைப் போல, ஐந்து எழுத்தையும் ஒரே இழுப்பாகப் போட்டுவிடுகிறார். அதை வெட்டி ஒரு துண்டைக் காட்டினால் அடையாளம் தெரியவில்லை. மற்றதெல்லாம் போய்விட்டது. அந்தப் படம் மட்டும் முப்பத்து நாலு வருஷமாக நிற்கிறது.

அன்றைக்கு வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே அவர் பெயருக்கு நேரே 'மூன்றாம் புத்தகம் முடித்தார்' என்று எழுதினோம்? உங்கள் கையெழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்து. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிந்தவர்கள் என்று வந்ததே, அந்த 73-ல் இவரும் இருப்பார். கணக்கெடுக்க வந்தவர் கேட்டிருப்பார், "அறிவொளியில படிச்சேன்" என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பார். புத்தகத்தைக் கையில் கொடுத்தா சோதிக்கிறார்கள்? இப்போது இந்தப் புதுக் கணக்கில் இவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நமக்கு அப்போது என்ன வயது! எனக்குப் பத்தொன்பது, பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு இருபத்தேழு. 1990-ல் கலைப்பயணக்காரர்கள் வந்து கோயில் பொட்டலில் நாடகம் போட்டார்கள். எர்ணாகுளம் மாவட்டமே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது, புதுக்கோட்டைக்கு என்ன குறைச்சல் என்று பேசினார்கள். அடுத்த வருஷம் நாம் அரிக்கேன் விளக்கும் கையுமாகக் கிளம்பிவிட்டோம். என் அப்பா பேசாத பேச்சில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் குவாரிப் பக்கம் வயசுப் பெண் போவதா என்று. "நான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன் மாமா" என்று நீங்கள் வாசலில் வந்து நின்ற அந்தக் குரலில்தான் நான் வெளியுலகம் பார்த்தேன். இதை உங்களிடம் நேரில் சொன்னதே இல்லை.

நம் முதல் பாடத்தின் முதல் சொல் 'பட்டா'. அம்மா, ஆடு, இலை என்று தொடங்காமல் அவர்கள் வாழ்க்கையில் கனமாக இருக்கிற சொல்லாகப் பார்த்துத் தொடங்க வேண்டும் என்று நமக்குப் பயிற்சியில் சொன்னார்கள். நீங்கள் பலகையில் எழுதி வாசித்ததும் சம்மட்டியக்காதான் கேட்டார்: "பட்டான்னு எழுதப் படிச்சுக்கிட்டா, பட்டா குடுத்துருவாகளா?" குவாரியே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "கேக்கத் தெரிஞ்சுக்குவீங்க" என்றீர்கள்.

அதற்கப்புறம் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டதும், நம் குவாரியும் அவர்கள் கைக்கு வந்ததும் நமக்கே நம்ப முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், நம் வகுப்பு உண்மையில் வகுப்பாக நடந்தது அந்தக் காலத்தில்தான். லாரி எத்தனை லோடு போனது, ஜல்லி எத்தனை, சக்கை எத்தனை, நடைச்சீட்டில் என்ன தேதி போட்டிருக்கிறான் என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கே வந்துவிட்டது. நடைச்சீட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லாரி நம்பரைச் சரிபார்த்து, "இது நேத்துத் தேதிடா தம்பி" என்று டிரைவரைத் திருப்பி அனுப்பினாரே சம்மட்டியக்கா! அந்தக் காட்சியை நான் கனவு காணவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அன்றைக்கு அவருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. நாம் பொய் எழுதவில்லை.

அப்புறம் குத்தகைக் காலம் முடிந்தது. நம் குவாரி வேறு கைகளுக்குப் போனது. நடைச்சீட்டு இவர் கைக்கு வருவது நின்றது. நீங்கள் 94-ல் ஊரை விட்டுப் போனீர்கள், நான் தபாலாபீசுக்கு வந்தேன். வளர்கல்வி மையம் என்று ஒரு பீரோவும் நாற்பது புத்தகமும் வந்தன. பீரோ இன்னும் இருக்கிறது, அதில் இப்போது ஊராட்சியின் தெருவிளக்குச் சாமான்கள்.

'மாடு' வாசிக்கச் சொன்னதற்கு மறுநாள் நான் சம்மட்டியக்கா வீட்டுக்கே போனேன். அவரைக் குறை சொல்லப் போகவில்லை, என் மனசு கேட்காமல்தான் போனேன். வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் கண்ணை ஓட்டினேன். சாமி படத்துக் காலண்டர் ஒன்று. எழுத்து என்று அந்த வீட்டில் வேறெதுவும் இல்லை. திண்ணை ஓரத்தில் அவருடைய பழைய சைக்கிள், டயர் இல்லாமல். "இன்னுமா வச்சிருக்கீங்க?" என்றேன். "முட்டி போற வரைக்கும் ஓட்டுனேன். நாலஞ்சு வருசம் ஆச்சு எறங்கி. இப்ப ஏத்தி விட்டாலும் ஓட்டுவேன்" என்றார்.

சைக்கிள் மறக்கவில்லை, எழுத்து எப்படியக்கா மறந்தது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சைக்கிள தெனம் ஓட்டுனேன். எழுத்த எங்க ஓட்டுறது?"

இதற்கு நான் என்ன சொல்வது? தேர்வு, சான்றிதழ், விழா எல்லாம் வைத்தோம், ஓட்ட ரோடு போட்டோமா?

சைக்கிள் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், எழுதினால் எனக்கு ஆசை தீரும். கண்மாய்க்கரைக்கு இந்தப்பக்கப் பொட்டலில், நிலா வெளிச்சத்தில், வாடகைச் சைக்கிளில் நீங்கள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, சம்மட்டியக்கா சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, "விட்டுறாத டீச்சர், விட்டுறாத டீச்சர்" என்று கத்திக்கொண்டே நேராகப் போய்க் கருவேலஞ்செடிக்குள் விழுந்தார். முள் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றதும் அவர்தான். முத்துபாஸ்கரனின் சைக்கிள் பாட்டு எல்லா ஊர் ஒலிபெருக்கியிலும் ஒலித்துக்கொண்டிருந்த வருஷம் அது. 1992-ல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக்காட்டினார்கள் என்று பின்னால் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், பிறகு அதுதான் வசதி என்று கண்டுபிடித்தார்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! (யுனிசெஃப் கொடுத்த ஐம்பது மொபெட்டில் ஒன்று நமக்கு வந்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.)

சரி, இப்போதைய வகுப்புக்கு வருகிறேன். பதினான்கு பேர். பாதிப் பேர் நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள். ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், சீரியல் இருக்கிறது. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை, நானும் அதே சீரியல்தான் பார்க்கிறேன்.

உங்களிடம் சொல்ல இன்னொரு கசப்பான விஷயம் இருக்கிறது. அதையும் கொட்டிவிடுகிறேன். ஆகஸ்டில் மூன்று பேர் வராமல் நின்றார்கள். எல்லாம் ஐம்பது தாண்டியவர்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் "மண்டையில ஏறல டீச்சர்", "வயசாயிருச்சுல்ல" என்றார்கள். ஒரு பாட்டி மட்டும், "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குத்தா. ஒரு எழுத்து நிக்க மாட்டேங்குது" என்றார். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்து, "ஏத்தா, இம்புட்டுப் பெருசாவா எழுதியிருக்கு?" என்றார்.

வெள்ளெழுத்து. அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருகிற ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வந்தால் உடனே தெரிந்துவிடும், பேப்பரைத் தள்ளிப் பிடிப்போம், கடைக்குப் போவோம். வாசிக்காதவர்களுக்குக் கண் மங்கியதே தெரியாது. ஆடு மாடு, பஸ், எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் நன்றாகத் தெரிகிறதே! ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார்கள், அத்துடன் சரி. புத்தகத்தை விரித்ததும் எழுத்து நெளியும். தன் புத்திதான் மந்தம் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

பக்கத்து ஊர்க் கண் முகாமுக்கு ஒன்பது பேரைக் கூட்டிப்போனேன். ஏழு பேருக்குக் கண்ணாடி வந்தது. அந்த மூன்று பேரும் மறுபடி வருகிறார்கள். எறும்பு ஊர்கிறது என்ற பாட்டிதான் இன்றைக்கு என் வகுப்பில் வேகமாக வாசிக்கிறவர்.

அன்றைக்கு ராத்திரி நம் பழைய பதிவேடு ஞாபகம் வந்தது, அக்கா. இடையில் நின்றவர்களுக்கு எதிரே காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்குமே. எத்தனை பேருக்கு நாம் 'ஆர்வமின்மை' என்று எழுதினோம்! அரிக்கேன் வெளிச்சம், அச்சு மங்கிய புத்தகம், நாற்பத்தைந்து வயதுக் கண்கள். நமக்குப் பத்தொன்பது, இருபத்தேழு வயதுக் கண்கள், நமக்குத் தெரியுமா? அந்தக் கட்டத்தில் எழுதிய பெயர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. தங்களுக்குப் படிப்பு ஏறாது என்ற நினைப்போடே போய்ச் சேர்ந்திருப்பார்கள். இதைச் சொல்லி உங்கள் தூக்கத்தையும் கெடுக்க வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் இந்தப் பாரத்தை வேறு யாரிடம் நான் இறக்கிவைப்பது?

போன் வாசித்துக் காட்டுகிறதே என்றீர்கள். காட்டுகிறதுதான். என் வகுப்பில் பத்துப் பேரிடம் பிள்ளைகள் கொடுத்த போன் இருக்கிறது, மைக்கை அழுத்திப் பேசி அனுப்புவதில் என்னைவிடக் கெட்டி. ஆனால் எதை வாசிக்கச் சொல்வது என்று தெரிந்தால்தானே அது வாசிக்கும்? மாதா மாதம் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுந்ததும் குறுஞ்செய்தி வருகிறது. அடுத்ததாகவே கடன் தருகிறேன் என்று ஒரு குறுஞ்செய்தி, பரிசு விழுந்தது என்று இன்னொன்று. எது பணம் வந்த சேதி, எது பணம் பறிக்கிற சேதி என்று தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் போனையே கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பையன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். தபாலாபீசில் உட்கார்ந்து இந்த வேடிக்கையைத்தான் தினம் பார்க்கிறேன். பாஸ்புக்கை நீட்டி "எம்புட்டு இருக்கு" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வதுதான் கணக்கு. நான் சரியாகத்தான் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கைநாட்டுக் கதையும் கேளுங்கள். கைநாட்டு வைப்பது கேவலம் என்று ஊர் ஊராக நாடகம் போட்டோமே, மைப்பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போடுகிற மாதிரி ஒரு காட்சி வரும், நீங்கள்தான் கிணறு. இப்போது ரேஷன் கடையில் எம்.ஏ. படித்தவரும் மெஷினில் விரல் வைத்தால்தான் அரிசி. அதிலும் நம் குவாரிக்காரப் பெண்களுக்கு விரல் ரேகையே இல்லை. முப்பது வருஷம் கல் உடைத்ததில் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. சம்மட்டியக்கா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "மிஷினு என்னைய இல்லேங்குது டீச்சர்" என்று சிரிக்கிறார். கருவிழியைப் பார்க்கிற கருவி வந்தபிறகுதான் அவருக்குச் சிக்கல் தீர்ந்தது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவரிடம் இந்த உலகம் கையெழுத்தைக் கேட்கவே இல்லை.

பாடப்புத்தகம் நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். படமும் நிறமுமாக இருக்கிறது. ஆனால் என் வகுப்பில் ஓடுகிற புத்தகம் வேறு. வடகாட்டுப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் கணவர் இறந்துவிட்டார். அந்தப் பக்கத்து மொய் விருந்து உங்களுக்குத் தெரியுமே, ஆடி ஆவணியில் பந்தல் போட்டுக் கறிவிருந்து வைத்து லட்சக்கணக்கில் வசூலாகும். இவருடைய அண்ணன் தம்பிமார் வைக்கிற விருந்துகளிலெல்லாம் கணவர் மொய் செய்திருக்கிறார். இவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வந்ததும் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைத் துணியில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுவந்தார். "இதை மட்டும் நான் வாசிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அதுவரை கொழுந்தன் மகன்தான் வாசித்துச் சொல்வானாம். சொன்னதை நம்பித்தான் செய்முறை செய்ய வேண்டும்.

மொய் நோட்டைப்போல ஒரு பாடப்புத்தகத்தை யாராலும் எழுத முடியாது, அக்கா. ஒவ்வொரு வரியும் ஒரே அமைப்பு: ஊர், அப்பா பெயரின் தலையெழுத்து, பெயர், தொகை. ஊர்ப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம். 'மங்கலம்' இரண்டு தடவை வந்ததும் மூன்றாவதை அவரே பிடித்துவிட்டார். எண்களை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, காசுக்கணக்கில் அவர்கள் எனக்கு வாத்தியார். ஆளைத் தெரியும், தொகை தெரியும், நடுவில் இருக்கிற எழுத்துதான் தெரியாது. இரண்டு பக்கமும் தெரிந்தால் நடுவில் இருப்பது எத்தனை நாள் ஒளிந்துகொள்ளும்? ஐந்து வாரத்தில் பாதி நோட்டு முடிந்தது. போன வாரம் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். "இந்தாளு ரெண்டாயிரம் செஞ்சிருக்காரு. அவரு வீட்டுக் கல்யாணத்துக்கு நான் அய்நூறுதானே செஞ்சேன்? எங்கிட்ட அய்நூறுன்னுல்ல சொன்னான்!" முகம் சுண்டிப்போய்விட்டது. கொழுந்தன் மகன் வேண்டுமென்று செய்தானா, வாசிப்பதில் தவறினானா, தெரியாது. ஆனால் அடுத்த நாள் காலையில் ஆயிரத்தைந்நூறு ரூபாயை வெற்றிலையில் வைத்து அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்துதான் மறுவேலை பார்த்தார். இப்போது மற்றவர்களும் பழைய நோட்டைத் தேடி எடுத்து வருகிறார்கள். ஊரில் என்னென்ன பூகம்பம் கிளம்பப் போகிறதோ!

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு மையில் திருத்தினேன், இரண்டு பேருக்கு முகம் வாடியது, நிறுத்திவிட்டேன். ஒருவர் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுத, நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பல்லி சுவரில் இருக்கும், பிள்ளைகள் அதற்குள்ளேயா போகும் என்று பெரிய நகைச்சுவை வேறு. அவர் நாலு நாள் வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் வைத்தே, அவர் பேரப்பிள்ளைகள் பார்க்க. அவருக்குப் பெருத்த சங்கடம். "விடு புள்ள, விடு புள்ள" என்றார். நாம் ல, ள, ழ-வைப் பிடித்துக்கொண்டு அவர்களை எவ்வளவு பாடுபடுத்தியிருக்கிறோம்! இப்போது ஒரே விதி, வாசித்தால் ஆளுக்குப் புரிகிறதா? புரிந்தால் போதும், மற்றது நாளாவட்டத்தில் வரும்.

சம்மட்டியக்காவைத் தேர்வுக்கு எழுதச் சொன்னேன். "ஏற்கெனவே பாஸ் பண்ணவளுக்கு எதுக்குப் பரிச்சை?" என்று மறுத்துவிட்டார். என் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை, எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. ஆனால் ஒரு நாள் தவறாமல் வருகிறார். முதலில் அவர் பெயரையே ஐந்து துண்டாகக் காகிதத்தில் வெட்டிக் கலைத்துப் போட்டேன். "என்னையவே வெட்டிப்புட்டியே" என்றார். அந்த ஐந்து துண்டை மாற்றி மாற்றி அடுக்கி வேறு சொல் வருகிறதா என்று பார்த்ததில்தான் படம் உடைந்து எழுத்தானது. இரண்டாம் தடவை கற்பது வேகமாக வருகிறது, அடியில் எங்கோ பழையது கிடக்கத்தான் செய்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இப்போது அவரைப் பார்க்கத் தலைமையாசிரியர் மாதிரி இருக்கிறது.

நேற்று அவரிடம் நீங்கள் போனில் பேசியதைச் சொன்னேன். "டீச்சரா! அவுக எனக்குக் காசு தரணும்" என்று ஒரு தாளைக் கேட்டு வாங்கி, வராந்தா ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம். யாரையும் எட்டிப் பார்க்க விடவில்லை. அவர் எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கும். உங்களுக்கு வாசிக்கச் சிரமமாக இருந்தால் என்று கீழே நானும் ஒருமுறை எடுத்தெழுதுகிறேன்:

"டீசர் நல்லா இருகீகளா. நா சமட்டி. சைகிள் வாடக 3 ரூவா குடுகனும். முள்ளு எடுத்த ஞாவகம் இருகா."

மூன்று ரூபாயும் உண்மைதானாம். அன்றைக்கு மூன்று மணி நேர வாடகைக்கு உங்களிடம் சில்லறை இல்லாமல் இவர்தான் கொடுத்தாராம்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவு பக்கம். பதில் எனக்கு எழுத வேண்டாம். அவர் பெயருக்கே எழுதுங்கள், உறையின் மேலும் அவர் பெயரே இருக்கட்டும். அவர் பெயருக்கு வந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த தபால் எல்லாம் இதுவரை நோட்டீசும் நகைக்கடன் வட்டிக் கடுதாசியும்தான். இரண்டரை ரூபாய் இன்லேண்டு போதும், நிறைய எழுதாதீர்கள், ஆறேழு வரி. எழுத்து பெரிதாக இருக்கட்டும், வரிக்கு வரி இடம் விடுங்கள். கொம்பையும் காலையும் சேர்த்து இழுத்துவிடாதீர்கள், உங்கள் கையெழுத்தை வாசிக்க எனக்கே மூச்சு வாங்கும். கடனைப் பற்றி ஏதாவது சண்டை போடுங்கள், அப்போதுதான் அவர் பதில் எழுதுவார். மாதம் ஒன்று போட முடியுமானால் போடுங்கள். நான் பிரித்துப் பார்க்க மாட்டேன்.

மழை விட்டுவிட்டது. தபால் கட்டைக் காலையில் கொண்டுபோக வேண்டும், படுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி